தேனீ கொட்டினால் சுண்ணாம்பு வைப்பது சரியா? பையனுக்குக் கண் மூடுகிற அளவு வீங்கிவிட்டது

மாடித்தோட்டக்காரி, மதுரை

எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை நத்தம் பக்கத்தில் இருக்கும் மாமியார் ஊருக்குப் போயிருந்தோம். வீட்டைச் சுற்றி மாந்தோப்பு. மதியம் சாப்பிட்டுவிட்டுப் பெரியவர்கள் திண்ணையில் சாய்ந்திருந்த நேரம். என் ஏழு வயதுப் பையன் மோட்டார் ரூம் தொட்டியில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்க வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்த தேனீயைத் தெரியாமல் தட்டிவிட்டிருக்கிறான். இடது புருவத்துக்கு மேலே கொட்டிவிட்டது.

அவன் அலறிக்கொண்டு ஓடி வந்ததும் ஆளுக்கு ஒரு வைத்தியம் ஆரம்பித்தார்கள். அத்தை வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பு எடுத்துத் தடவினார். மாமா இரும்புச் சாவியை வைத்துத் தேய்த்தார். நாத்தனார் சின்ன வெங்காயத்தை நறுக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டு அக்கா டூத்பேஸ்ட் வைத்தால் எரிச்சல் உடனே அடங்கும் என்றார். அதையும் வைத்தோம். வியர்வையில் சுண்ணாம்பு கரைந்து இமை வரைக்கும் வழிந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய் எல்லாவற்றையும் கழுவிவிட்டேன். கழுவும்போதுதான் பார்த்தேன், கறுப்பாக ஒரு முள் அந்த இடத்திலேயே குத்தி நின்றது. கொட்டிப் பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். அத்தனை பேர் அவன் முகத்தைப் பார்த்தோம், ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

சாயங்காலம் நன்றாக விளையாடினான். மறுநாள் காலையில் இடது கண் திறக்கவே இல்லை. டாக்டரிடம் கொண்டுபோனோம். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி சிரப் எழுதிக் கொடுத்தார். நேற்றோடு வீக்கம் வடிந்துவிட்டது.

ஆனால் என் மனசு ஆறவில்லை. சுண்ணாம்பைக் கழுவியதால்தான் விஷம் கண்ணுக்கு இறங்கியது என்கிறார் அத்தை. அவர் ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர், பேரன் மேல் உயிரையே வைத்திருக்கிறார். அவரை எதிர்த்துப் பேச எனக்கு மனமில்லை. அதே சமயம் அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். எங்கள் மாடியில் பூசணி, பாகல் எல்லாம் பூத்திருக்கிறது, தேனீ தினமும் வரும். கீழே முருங்கையில் கம்பளிப்பூச்சியும் உண்டு. வாட்ஸப்பில் வந்ததை அனுப்பாமல், உங்கள் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்லுங்கள்.


குமரித் தேன்காரன், மார்த்தாண்டம் அருகில்

சகோதரி, முதல் விஷயம், பையனின் கண் வீங்கியதற்கு நீங்கள் கழுவியது காரணமே இல்லை. கண்ணைச் சுற்றியுள்ள தோல் மெல்லியது, தளர்வானது. நெற்றியில் கொட்டினால் அந்த வீக்கத்தின் நீர் இரவு படுத்திருக்கும்போது மெல்லக் கீழே இறங்கி இமையில் தேங்கும். எனக்கே நெற்றியில் கொட்டு வாங்கினால் மறுநாள் காலை அப்படித்தான் இருக்கும். தேனீ கொட்டிய வீக்கம் முதல் நாளை விட இரண்டாம் நாளில்தான் அதிகமாகத் தெரியும். அப்புறம் தானாக வடியும். சுண்ணாம்பு இமைக்கு வந்ததும் கழுவினீர்களே, அன்றைக்கு நடந்ததிலேயே சரியான காரியம் அதுதான். அதைக் கீழே சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் தேன் பெட்டி வைப்பது தாத்தா காலத்திலிருந்து. 1991-92ல் தாய் சாக்புரூட் என்ற தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்க, நாங்கள் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீயை அழித்தபோது அப்பாவின் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியானதைச் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். பிழைத்த கூடுகளைப் பிரித்துப் பிரித்துத்தான் திரும்பவும் பெருக்கினோம். இன்று என்னிடம் 140 பெட்டி இருக்கிறது. ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும் மாசி, பங்குனியில் எங்களுக்குத் தேன் காலம். ரப்பரில் பூவை விட இலைக்காம்பில் சுரக்கும் தேன்தான் எங்களுக்குப் பிழைப்பு. அந்த இரண்டு மாதமும் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கொட்டாவது விழும். ஆகவே நான் சொல்வது என் கையிலும் முகத்திலும் பார்த்தது.

உங்கள் கதையில் எனக்கு மனசு வலித்த இடம், அந்தப் பத்து நிமிடம். நான்கு வைத்தியம் நடந்தது, முள்ளை மட்டும் யாரும் எடுக்கவில்லை. இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. நான் பார்த்த பாதி வீடுகளில் இப்படித்தான்.

தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் உண்டு, தூண்டில் மாதிரி. நம் தோலில் குத்தினால் அதனால் திரும்ப உருவ முடியாது. அது பறக்க முயலும்போது கொடுக்கு அதன் வயிற்றிலிருந்து பிய்ந்து நம் தோலோடு நின்றுவிடும், தேனீ செத்துப்போகும். அடுத்த முறை யாருக்காவது கொட்டினால் கிட்டே போய்ப் பாருங்கள். முள்ளின் தலையில் எள்ளை விடச் சிறியதாகப் பால் வெள்ளையில் ஒரு பை இருக்கும். தேனீ போன பிறகும் அந்தப் பை தனியாகச் சுருங்கி விரிந்து துடித்துக்கொண்டே இருக்கும். அதுதான் விஷப்பை. பம்பு மாதிரி உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். முதல் சில நொடிகளிலேயே பெரும்பகுதி இறங்கிவிடும், ஒரு நிமிடத்துக்குள் கிட்டத்தட்ட எல்லாமே இறங்கிவிடும். பத்து நிமிடம் கழித்து நீங்கள் பார்த்தது காலிப் பை.

முள்ளை நகத்தால் வழித்துத்தான் எடுக்க வேண்டும், இரண்டு விரலால் கிள்ளினால் பை பிதுங்கி விஷம் முழுக்க ஏறிவிடும் என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். அதற்காகக் கத்தியின் மழுங்கல் பக்கத்தையும் ஏடிஎம் கார்டையும் தேடி ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 1996ல் லான்செட் மருத்துவ இதழில் இதைச் சோதித்துப் பார்த்து எழுதினார்கள். கிள்ளினாலும் வழித்தாலும் வித்தியாசம் இல்லை, எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதில்தான் வீக்கத்தின் அளவு இருக்கிறது என்று தெரிந்தது. அதனால் கைக்கு எது கிடைக்கிறதோ அதால் பிடுங்கிப் போடுங்கள். எண்ணி மூன்று நொடியில். பையனுக்கே சொல்லிக் கொடுங்கள், ஏழு வயதுப் பிள்ளைக்கு அது முடியும். என் மகளுக்கு ஐந்து வயதிலேயே பழக்கிவிட்டேன்.

முள்ளை எடுத்ததும் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும். கொட்டின இடத்திலிருந்து ஒரு வாசனை கிளம்பும், பழுத்த வாழைப்பழ வாசனை. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு மட்டிப்பழத் தார் தொங்கும், அதனால் அந்த வாசனையை நாங்கள் எங்கிருந்தாலும் பிடித்துவிடுவோம். அது கூட்டுக்கு ஆபத்து என்று மற்ற தேனீக்களுக்குப் போகும் சேதி. பெட்டி திறக்கும்போது அந்த வாசனை வந்தால் நான் மூடிவிட்டுத் தேங்காய்க் கதம்பையில், அதாவது நார்மட்டையில், இன்னும் கொஞ்சம் புகை போடுவேன். தொட்டிக்கரையில் ஒற்றைத் தேனீ கொட்டினால் பெரிய பயம் இல்லை. ஆனால் பக்கத்தில் கூடு இருந்தால் அங்கே நின்று மருந்து போடக் கூடாது. உள்ளே போய் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வாசனையும் போகும், அழுக்கும் போகும்.

இனி வைத்தியத்துக்கு வருகிறேன்.

சுண்ணாம்பு பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் கொட்டுக்கு முதலில் நீளும் கை வெற்றிலைப் பெட்டிக்குத்தான் போகும். தேனீ விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், ஒன்றை ஒன்று முறித்துவிடும் என்று விளக்கம் சொல்வார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் தேனீ விஷம் வலிப்பதற்கும் வீங்குவதற்கும் காரணம் புளிப்பு இல்லை. அதில் பாதிக்குப் பாதி மெலிட்டின் என்ற ஒரு பொருள், அதோடு சில நொதிகள். இவை தோலுக்குள்ளே போய்விட்டன. மேலே தடவும் சுண்ணாம்பு அந்த ஆழத்துக்குப் போகாது. போகும் அளவு வைத்தால் தோலே வெந்துவிடும். சோடா உப்பு, வினிகர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அப்படியானால் சுண்ணாம்பு வைத்ததும் வலி குறைந்ததே என்று அத்தை கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஒற்றைக் கொட்டின் கூர்மையான வலி, ஒன்றுமே வைக்காவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தணிய ஆரம்பிக்கும். ஈரச் சுண்ணாம்பின் குளிர்ச்சியும் அதன் சுருசுருப்பும் கவனத்தை மாற்றும். அம்மா மடியில் உட்கார்ந்து பாட்டி கையால் மருந்து வைத்துக்கொண்டால் பிள்ளையின் அழுகை அடங்கத்தான் செய்யும். பாட்டி சொன்னது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். கையிலோ காலிலோ பொட்டளவு வைத்தால் பெரிய கெடுதலும் இல்லை. ஆனால் முகத்தில் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கருவிழி வெந்து பார்வையே போகலாம். சுண்ணாம்புப் பாக்கெட் பிதுங்கிக் கண்ணில் தெறித்து ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகள் நம் நாட்டில் நிறைய. அப்படிப் பட்டுவிட்டால் கண்ணைத் திறந்து பிடித்துக்கொண்டு ஓடும் தண்ணீரில் அரை மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு நேராகக் கண் டாக்டர்.

வெங்காயம், கற்றாழை, துளசி, வேப்பிலை அரைத்தது எல்லாம் குளிர்ச்சிக்கு. சுத்தமாகக் கழுவி வைத்தால் கெடுதல் இல்லை. முள்ளை எடுத்த பிறகு வையுங்கள். இரும்புச் சாவியும் குளிர்ச்சிதான், ஆனால் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் வீக்கம் பரவும். டூத்பேஸ்ட்டில் உள்ள புதினாச் சத்து சில்லென்று இருக்கும், அவ்வளவே. சாணி, தோட்டத்து மண் இரண்டும் கூடவே கூடாது, திறந்த காயத்தில் ரண ஜன்னிக்கு வழி.

நான் என் கைக்கு என்ன செய்கிறேன் என்றால், முள், சோப்பு, ஐஸ். தோட்டத்துக்குப் போகும்போது ஒரு சின்ன பிளாஸ்க்கில் ஐஸ் கட்டி எடுத்துப்போவேன். துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து, எடுத்து, திரும்ப வைப்பேன். ஐஸ் நேராகத் தோலில் பட வேண்டாம். விரலில் கொட்டினால் மோதிரத்தை உடனே கழற்றிவிடுவேன், அரை மணி நேரம் போனால் பிறகு கழற்ற முடியாது. கையைத் தொங்கப் போடாமல் உயர்த்தி வைப்பேன். முகத்துக்கு இரவில் இரண்டு தலையணை. இதில் மருந்துக்கடைக்குப் போக வேண்டியது ஒன்றும் இல்லை.

ஆனால் இவ்வளவு நீளமாக நான் எழுத உட்கார்ந்தது ஐஸுக்காக இல்லை. என் சித்தப்பாவுக்காக.

அவர் இருபது வருடம் பெட்டி பார்த்தவர். வெறும் கையால் அடையைத் தூக்குவார். இடுப்பு வலியில் இரண்டு வருடம் பெட்டிப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு மாசியில் ஆள் கிடைக்காமல் நான்தான் கூப்பிட்டேன். கழுத்தில் ஒரே ஒரு கொட்டு. அவரே முள்ளைப் பிடுங்கிப் போட்டார். ஐந்து நிமிடத்தில் உள்ளங்கை அரிக்கிறது என்றார். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் வயிறு முழுக்கத் தடிப்பு. உதடு பருத்துக்கொண்டு வந்தது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஒருவன் சுண்ணாம்புக்கு ஓடினான், ஒருவன் துளசி பறிக்கப் போனான், நான் அவரை நிற்க வைத்து முதுகில் தண்ணீர் ஊற்றினேன். அவர் பேசின குரல் கம்மியது, பிறகு கண் சொருகி அப்படியே என் மேல் சாய்ந்தார். கால் மணி நேரம் வீணாக்கிய பிறகுதான் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். சில நிமிடத்தில் கண் திறந்தார். ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் என்று அந்த டாக்டர் பாதியில் நிறுத்தினார். அந்தப் பாதி வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சித்தப்பா இப்போதும் இருக்கிறார், திண்ணையில் உட்கார்ந்து தேன் வடிகட்டித் தருகிறார். பெட்டிப் பக்கம் போக நான் விடுவதில்லை.

ஆகவே சகோதரி, கொட்டின இடம் எவ்வளவு வீங்கினாலும் பதற வேண்டாம். கொட்டாத இடத்தைப் பாருங்கள். காலில் கொட்டினால் முகத்தில் தடிப்பு வருகிறதா, உதடு, நாக்கு தடிக்கிறதா, குரல் மாறுகிறதா, இரைப்பு வருகிறதா, வாந்தி, தலைசுற்றல், வெளிறிப்போவது உண்டா. முதல் ஒரு மணி நேரம் பிள்ளையைத் தனியாக விடாமல் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். இதில் ஏதாவது தெரிந்தால் வீட்டில் ஒரு வைத்தியமும் வேண்டாம். 108, இல்லை என்றால் கையில் கிடைத்த வண்டி.


கிராமச் செவிலி

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். தேன்காரர் அண்ணன் எழுதியதைப் படித்ததும் எங்கள் சுவரில் ஒட்டலாம் போல இருந்தது. மூன்று விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

அவர் சித்தப்பாவை நிற்க வைத்ததாக எழுதியிருக்கிறார். தெரியாமல் எல்லோரும் செய்வதுதான். அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும். நிற்க வைத்தாலோ நடக்க வைத்தாலோ மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் மட்டும் சாய்த்து உட்கார வைக்கலாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்து. வண்டிக்கும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

இரண்டாவது, வீட்டில் செட்டிரிசின் சிரப் இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அரிப்புக்கும் தடிப்புக்கும் அது நல்ல மருந்து. மூச்சுத் திணறலுக்கு அது காப்பாற்றாது, அட்ரினலின் ஒன்றுதான் காப்பாற்றும். ஊசி போட்டுச் சரியான பிறகும் சில மணி நேரம் வைத்துப் பார்ப்போம், சிலருக்குத் திரும்ப வரும். வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எங்களிடம் சண்டை போடாதீர்கள். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும் உடனே வந்துவிடுங்கள், அலர்ஜி இல்லாவிட்டாலும் வீக்கமே மூச்சை அடைக்கும். பதநீர், ஜூஸ் டம்ளரைத் திறந்து வைத்துக் குடிக்கும்போது இது நடக்கிறது.

மூன்றாவது, எல்லாப் பூச்சிக்கடியும் வலிக்காது. வயல், புதர்ப் பக்கம் போய் வந்து பத்து நாளில் காய்ச்சல் வந்தால் உடம்பை முழுக்கப் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பில் துணி இறுக்கும் இடம். சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கலாம், வலியே இருக்காது. கண்ணுக்குத் தெரியாத சின்ன உண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் அது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் கொடுத்தால் கேட்கும். விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். வெட்கப்பட்டுக் காட்டாமல் இருந்துவிடுகிறார்கள், குறிப்பாகப் பெண்கள். தயவுசெய்து சொல்லுங்கள், நாங்கள் பெண்கள்தான் பார்ப்போம்.


டெல்டா விவசாயி, மன்னார்குடி பக்கம்

சுண்ணாம்பு வைத்து வளர்ந்தவன்தான் நானும். அதைக் குறை சொன்னால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. என் ஆயா குளவி கொட்டினால் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து வைப்பார், குழம்பு சிவப்பாக மாறும், அந்தச் சிவப்பைப் பார்த்ததுமே எங்களுக்கு வலி போன மாதிரி இருக்கும். முகத்தில் வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது கதண்டு பற்றி. மற்ற ஊர்க்காரர்கள் கடந்தை என்பார்கள். பனைமரத்தில், தென்னையில், பாழடைந்த கட்டடத்தில் பானை மாதிரி கூடு கட்டும். தேனீ ஒரு முறை கொட்டினால் செத்துப்போகும். கதண்டுக்குக் கொடுக்கு வழவழப்பு, உருவி உருவித் திரும்பத் திரும்பக் கொட்டும். முள் தேட வேண்டாம், தோலில் இருக்காது.

நான்கு வருடத்துக்கு முன் எங்கள் தெருவில் ஒருவர் பனை ஓலை வெட்டப் போய்க் கூடு கலைந்துவிட்டது. முப்பது நாற்பது கொட்டு இருக்கும். வாய்க்காலில் குதித்தார். தலையைத் தூக்கும்போதெல்லாம் மேலேயே சுற்றிக்கொண்டு நின்று கொட்டியது. வீட்டுக்கு வந்து சுண்ணாம்பு பூசி, நாட்டு மருந்து குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். மூச்சுத் திணறல் எல்லாம் ஒன்றும் இல்லை. நல்லாத்தான் இருக்கேன் என்றார். மறுநாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. மூன்றாம் நாள் சுத்தமாக நின்றுவிட்டது. விஷம் தசையைக் கரைத்து, அது சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். பல முறை டயாலிசிஸ் செய்து பிழைத்தார். இரண்டு போகம் அவர் வயலை நாங்கள்தான் பார்த்தோம்.

அதனால் நிறையக் கொட்டு விழுந்தால், ஆள் தெம்பாகப் பேசினாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். கூட்டை நீங்களே பந்தம் கட்டிக் கொளுத்தப் போகாதீர்கள். 101க்குப் போன் செய்தால் தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து அழிப்பார்கள். துரத்தினால் தண்ணீரில் குதிக்க வேண்டாம், கையை வீச வேண்டாம், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடி ஒரு அறைக்குள்ளோ வண்டிக்குள்ளோ போய்க் கதவைச் சாத்துங்கள்.


முருங்கைத் தோட்டம், ஒட்டன்சத்திரம்

கம்பளிப்பூச்சி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அது கடிப்பதில்லை, ரோமம் குத்துவதுதான். சொறிந்தாலோ துணியால் துடைத்தாலோ ரோமம் உடைந்து இன்னும் உள்ளே போகும். செலோடேப்பை ஒட்டி ஒட்டிப் பிரியுங்கள், நாலைந்து முறை, ஒவ்வொரு முறையும் புது டேப். டேப் இல்லாத காலத்தில் எங்கள் அம்மா சோற்றுப் பருக்கையைப் பசையாக மசித்து ஒற்றி எடுப்பார், அதே வேலைதான். பிறகு சோப்பு, பிறகு காலமைன் லோஷன். போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள். கண்ணில் ரோமம் பட்டால் கசக்காமல் டாக்டரிடம் போங்கள்.

பகலில் பார்த்தீர்கள் என்றால் மரத்தின் தூரில் கொத்தாக அப்பிக்கொண்டிருக்கும், இரவில்தான் இலைக்கு ஏறும். அந்தக் கொத்து இருக்கும்போதே நீளக் கம்பில் துணி சுற்றி சோப்புத் தண்ணீரில் நனைத்து வழித்து வாளியில் போட்டுவிடுங்கள். கீழே காயும் துணிகளைப் பூச்சி இருக்கும் மாதத்தில் முருங்கைக்கு அடியில் போடாதீர்கள், குழந்தைத் துணி என்றால் கண்டிப்பாக.


மாடித்தோட்டக்காரி, மதுரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தேன்காரர் அண்ணா, உங்கள் பதிலை அத்தைக்குப் போனில் முழுக்க வாசித்துக் காட்டினேன். சித்தப்பா பகுதி வந்ததும் பேசாமல் இருந்தார். அப்புறம், "அந்த முள்ளு எப்பிடி இருக்கும்னு இன்னொரு தடவ சொல்லு" என்று கேட்டுக்கொண்டார். வெற்றிலைப் பெட்டியைப் பையன் கைக்கு எட்டாத பரணில் வைத்துவிட்டேன் என்று அவரே சொன்னார்.

இரண்டு சந்தேகம். இந்த முறை கண் மூடும் அளவு வீங்கியது, அடுத்த முறை இதை விட மோசமாகுமா? இன்னொன்று, பையன் இப்போது மாடிக்கே வர மாட்டேன் என்கிறான். என் வீட்டுக்காரர் பூசணிக் கொடியை எடுத்துவிடலாம் என்கிறார். ஊரில் அந்தத் தொட்டிக்கும் ஒரு வழி சொல்லுங்கள், கோடை விடுமுறைக்குத் திரும்பப் போக வேண்டும்.


குமரித் தேன்காரன், மார்த்தாண்டம் அருகில்

செவிலி அம்மா சொன்ன அந்த நிற்க வைக்கும் விஷயம் எனக்குத் தெரியாது. இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், எங்கள் தேனீ வளர்ப்பவர்கள் குழுவிலும் போட்டுவிட்டேன்.

சகோதரி, கொட்டின இடத்திலேயே பெரிதாக வீங்குகிறவர்களுக்கு அடுத்த முறையும் பெரும்பாலும் அதே மாதிரி வீக்கம்தான் வரும். என் சித்தப்பாவுக்கு வந்த மாதிரி உடம்பு முழுக்க வருவது அவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான். அதனால் பயந்து வாழ வேண்டாம். ஆனால் அந்த ஒரு மணி நேரக் கவனிப்பை எப்போதும் விடாதீர்கள். கொட்டாத இடத்தில் தடிப்பு ஒரு முறை வந்துவிட்டால் அலர்ஜி டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

பூசணிக் கொடியை எடுக்க வேண்டாம். பூவில் இருக்கும் தேனீ வேலையாக இருக்கும், நாம் நசுக்காதவரை கொட்டாது. கூடு பக்கத்தில் இருக்கும்போதுதான் அதைக் காக்க நம்மைத் தாக்கும். அதுவும் பூசணியில் ஆண் பூ, பெண் பூ தனித்தனி, தேனீ வராவிட்டால் நீங்கள்தான் காலையில் போய் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். பூசணிப் பூ விடிகாலையில் விரிந்து பத்து மணிக்கெல்லாம் வாட ஆரம்பித்துவிடும், தேனீயும் அந்த நேரத்தில்தான் வரும். பையனைச் சாயங்காலம் தண்ணீர் ஊற்ற மாடிக்குக் கூட்டிப்போங்கள். சில நாள் கழித்து ஒரு காலையில் உங்கள் மடியில் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்து காட்டுங்கள். பெண் தேனீ பின்னங்காலில் மஞ்சள் உருண்டை கட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் பிள்ளைகளுக்குப் பயம் மெல்லப் போய்விடும். என் மகளுக்கு அப்படித்தான் போனது. செருப்பில்லாமல் மட்டும் நடக்க விடாதீர்கள், உதிர்ந்த பூவில் தேனீ இருக்கும்.

தொட்டிக்கு வழி இருக்கிறது. வெயில் காலத்தில் கூட்டைக் குளிர்விக்கத் தேனீக்குத் தண்ணீர் வேண்டும், ஒரு இடம் பழகிவிட்டால் அங்கேயேதான் வரும். விரட்டினாலும் வரும். அதனால் வேறு இடம் காட்ட வேண்டும். நீங்கள் ஊருக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே மாமாவிடம் சொல்லுங்கள். அகலமான மண்சட்டியில் கூழாங்கல் நிரப்பி, கல் பாதி நனையும் அளவு தண்ணீர் ஊற்றி, பிள்ளைகள் ஓடாத மேற்குப் பக்கம் மாமர நிழலில் வைக்கட்டும். உடனே அங்கே வைக்காமல், முதலில் தொட்டிக்கு அருகிலேயே வைத்து, தேனீ சட்டிக்கு வர ஆரம்பித்ததும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். சட்டி ஒரு நாளும் காய விடக் கூடாது, கொசு வைக்காமல் இருக்க இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். சட்டி வைத்த நாளிலிருந்தே தொட்டிக்கு மூடி போட்டு, குழாய்க் கசிவையும் அடைத்துவிடட்டும். ஈரம் இருந்தால் பழைய இடத்தை விடாது.